வியாழக்கிழமைத் துப்பாக்கி

செயின்ட் ஒடீல், கான்சஸ்
21 பிப்ரவரி 2022

திருமதி ரோண்டா பெஃபோர்ட் அவர்களுக்கு,

நான் எட்மண்ட் வாசிங்கரின் மனைவி ஆல்வினா. சென்ற அக்டோபர் முதல் அவருடைய விதவை. நீங்கள் இந்த ஊரில் இருந்தவரை விதைக்கடையில் துப்பாக்கி கவுன்டருக்குப் பின்னால் நிற்பீர்கள். நான் கோழித் தீவனம் வாங்கிக்கொண்டு போவேன். நமக்குள் பழக்கம் அவ்வளவுதான் என்று நேற்றுக் காலைவரை நினைத்திருந்தேன்.

நேற்று பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. காணிக்கைத் தட்டு எடுப்பவர்கள் கோட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பதுதான் பேச்சு. ஃபாதருக்கு அதில் விருப்பமில்லை. லியோ டிரைலிங் விடவில்லை.

"ஃபாதர், ஆண்டவர் பாத்துக்குவார்னா ராத்திரி கோயிலை ஏன் பூட்டுறீங்க?"

"உன் கை நடுங்குற நடுக்கத்துக்கு நீ சுட்டா சூசையப்பர் சொரூபம்தான்டா விழும்" என்றார் லியோவின் அண்ணனே. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "ஷெரீஃப் வர நாப்பது நிமிஷம் ஆகும். தனியா இருக்கிற பொம்பளைக்கும் தன்னைக் காப்பாத்திக்கிற உரிமை இருக்கு. அதை யாரும் தானமா குடுக்க வேண்டாம்" என்றேன்.

"உரிமைக்கு என்ன ஆல்வினா, நிறைய இருக்கு. சொல்லிக்குடுக்கத்தான் ஆள் இல்ல" என்றார் லியோ. "எட் போயிட்டான். அந்த ரோண்டா குடுத்து வெச்சவ. வியாழக்கிழமை தவறாம குவாரிக்குக் கூட்டிட்டுப் போனான்."

அத்தனை பேரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஆச்சரியப்பட்டு நிமிர்ந்த முகம் என்னுடையது மட்டும்தான்.

வியாழக்கிழமைகளில் என் கணவர் மாட்டுச் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பிக்கப் வண்டியைத் திறந்தேன். அவர் போனபின் அதை நான் தொடவில்லை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு காதுமூடிகள் இருந்தன, துப்பாக்கிச் சத்தத்துக்குப் போடுபவை. ஒன்று அவருடையது. மற்றது சின்னது, பெண்ணுக்கானது. ஒரு கோப்பில் வட்டம் போட்ட தாள்கள், சுட்டு ஓட்டையானவை. ஒவ்வொன்றிலும் அவர் கையால் தேதி எழுதியிருக்கிறது. நாட்காட்டியை வைத்துச் சரிபார்த்தேன், எல்லாம் வியாழக்கிழமைகள். ஒன்றின் மூலையில் "அப்பாவின் ரிவால்வர், பதினைந்து கெஜம்" என்று இருக்கிறது. இன்னொன்றின் மூலையில் "சபாஷ், என் பெண்ணே" என்று இருக்கிறது.

ஐம்பத்தாறு வருடத்தில் அவர் எனக்கு எழுதியவை கடைச் சாமான் பட்டியல்கள். அவற்றிலும் வெண்ணெயை மறந்துவிடுவார்.

அந்த ரிவால்வரை 2011இல் விற்றுவிட்டதாக என்னிடம் சொன்னார். எங்கள் கல்யாணத்தன்று கோயில் படியில் நின்று அவருடைய அப்பா வானத்தை நோக்கிச் சுட்டது அது. 2012 ஜனவரியில் எனக்குச் சுடக் கற்றுக்கொடுங்கள் என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். நான் கேட்டுப் பழகியவள் அல்ல. "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதே வருடம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

உயிலின்படி அவருடையது எல்லாம் எனக்குச் சேரும். வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டேன். அந்த ரிவால்வர் வீட்டிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. ரிவால்வர் ஈஸ்டருக்குள் என்னிடம் வர வேண்டும். வராவிட்டால் திருட்டுப் போனதாக ஷெரீஃபிடம் எழுதிக் கொடுப்பேன். உங்கள் தபால் பெட்டி எண் வண்டியில் கிடந்த கிறிஸ்துமஸ் உறையில் இருந்தது. அந்த ஊரின் பெயரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை, ஆனால் என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் காதுமூடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிறர் பொருள் என் வீட்டில் தங்குவது எனக்குப் பிடிக்காது.

ஆல்வினா வாசிங்கர்

நெப்ராஸ்கா
3 மார்ச் 2022

அன்புள்ள ஆல்வினா அம்மா,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குப் பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

முதலில் நீங்கள் நினைப்பதைச் சொல்கிறேன். அப்படி எதுவும் இல்லை. நான் சுடுவேன், எட் வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்திருப்பார். தெர்மாஸ் நடுவில் இருக்கும். "முழங்கையைத் தூக்காத. ஆல்வினா பாத்தான்னா உன்னை ஸ்கேலாலயே தட்டுவா" என்பார். உங்களை நேரில் பார்த்ததைவிட அவர் பேச்சில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"என் பெண்ணே" என்று எழுதியதைப் பார்த்து எனக்கே முகம் சிவந்தது. ஆனால் அம்மா, பனியில் அந்தப் பழைய வண்டி ஸ்டார்ட் ஆனாலும் அதையேதான் சொல்வார். உங்களுக்குத் தெரியாதா?

ரிவால்வரை நான் கேட்டு வாங்கவில்லை. அவராகக் கொண்டுவந்து பத்திரமாக வைத்துக்கொள் என்றார். ஏன் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

இப்போது என் காரியம். என் முன்னாள் கணவன் டுவேன் மே ஒன்பதாம் தேதி சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவன் ஏன் உள்ளே போனான் என்று ஊரில் பாதிதான் தெரியும். 2020 ஆகஸ்டில் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். நான் கூடத்தில் அந்த ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுடவில்லை. "நீயா சுடுவ? மயக்கம் போட்டு விழுவ" என்று சிரித்தான். பிறகு என் முழங்கையைப் பார்த்தான். அது அசையவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஷெரீஃப் வர முப்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

துப்பாக்கி விற்ற பெண்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். நாளைக்கே வாங்கலாம். ஆனால் என் கை இதைத்தான் அறியும். இந்தக் கோடை முடியும்வரை என்னிடம் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ரோண்டா

செயின்ட் ஒடீல்
12 மார்ச் 2022

திருமதி பெஃபோர்ட்,

அம்மா என்று எழுத வேண்டாம். என்னை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான். கர்ட் கோதுமைக் குதிருக்குள் இறங்கி மேலே வராமல் போனது 2011 ஆகஸ்டில். அதை நீங்களும் அறிவீர்கள். ஊரே அடக்கத்துக்கு வந்தது.

வண்டியிடமும் அதையே சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். வண்டியிடம் அவர் சொன்னார். உங்களுக்கு எழுதினார், தேதி போட்டு, கோப்பில் வைத்து. இரண்டும் ஒன்றல்ல.

"என் கை இதைத்தான் அறியும்" என்கிறீர்கள். அடுத்தவள் புருஷனை விடாத பெண்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

உங்கள் கதவு உடைந்ததற்கு வருந்துகிறேன். அந்த மனிதனுக்கு எதிராக நீங்கள் ஆயுதம் வைத்திருந்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். மண்டபத்தில் நான் எழுந்து நின்று பேசியதே அதைத்தான். என் கேள்வி வேறு. எனக்கும் ஒரு கதவுதான் இருக்கிறது. என் வீட்டிலிருந்து அடுத்த வீட்டு விளக்கு தெரியாது. உங்களுக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லை என்று யார் தீர்மானித்தது? அவர் தீர்மானித்தார். என்னைக் கேட்காமல், என்னிடம் பொய் சொல்லி, என் வீட்டிலிருந்த ஆயுதத்தை இன்னொரு பெண்ணின் கையில் கொடுத்து, அவள் முழங்கையையும் திருத்தினார். அரசாங்கம் வந்து பிடுங்கினால் இந்த ஊர் ஆண்கள் கொடி பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பார்கள். புருஷன் பிடுங்கினால் காபிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பொய் எழுதப் பள்ளியில் கன்னியர் எனக்குக் கற்றுத்தரவில்லை. தினமும் காலை உணவுக்குப் பின் அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை ஸ்கேலால் அளக்கிறேன். 2014 மார்ச் ஆறாம் தேதி நான்கு அங்குலம். 2016 அக்டோபர் பதின்மூன்றாம் தேதி ஒன்றேமுக்கால். நீங்கள் தேறிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அந்த அக்டோபர் பதின்மூன்று என் பிறந்தநாள். அவர் இருட்டிய பிறகுதான் வந்தார். பொறாமை பாவம் என்று தெரியும். பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் கொடுத்த செபங்களைச் சொல்லி முடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன்.

என்னைப் பற்றி என் கணவர் உங்களிடம் வாங்கிய வாக்கு எனக்கு எதிராகச் செல்லாது. என்ன காரணம் என்று எழுதுங்கள். அல்லது ஷெரீஃபிடம் சொல்லுங்கள்.

ஆல்வினா வாசிங்கர்

நெப்ராஸ்கா
22 மார்ச் 2022

அன்புள்ள திருமதி வாசிங்கர்,

பத்து நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன். ஷெரீஃபுக்குப் பயந்து எழுதுவதாக நினைக்க வேண்டாம். "எனக்கு எதிராகச் செல்லாது" என்று எழுதினீர்களே, அது நியாயம் என்று பட்டது.

2011 நவம்பரில் ஒரு காலை, கடை திறக்கும் முன்பே எட் வாசலில் நின்றார். வண்டியில் போர்வைக்கடியில் ரிவால்வரும் இரண்டு நீளத் துப்பாக்கிகளும் இருந்தன. முகத்தில் சவரம் இல்லை. அவரை அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இதையெல்லாம் விக்கணுமா எட்?" என்றேன்.

"விக்க இல்ல. வெச்சுக்க."

எங்கள் கவுன்டரில் இது புதிதல்ல. விவசாயம் நொடித்தவன், பெண்டாட்டி விட்டுப்போனவன், யாராவது இருப்பான். அவனுடைய அண்ணனோ சிநேகிதனோ துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு வருவான். "வசந்தம் வரை இருக்கட்டும்" என்பான். நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம். துப்பாக்கியைக் கொண்டாடும் ஊரில் அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்த வழக்கம் தெரியும். அன்றைக்கு நான்தான் முட்டாளாக ஏன் என்று கேட்டுவிட்டேன்.

"நேத்து சாயங்காலம் ஆல்வினா அலமாரி சாவி எங்கன்னு கேட்டா" என்றார். "தூசு தட்டணுமாம்."

"அதுக்கென்ன?"

"அந்த அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு கிடையாது ரோண்டா. தூசு வெளியிலதான் இருக்கும். தட்டுறவளுக்குச் சாவி எதுக்கு?"

பிறகு கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரமா சாப்பிடல. நேத்து எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவுத்து வெச்சா. என் சட்டை மொத்தத்தையும் இஸ்திரி போட்டு அடுக்கிட்டா. ஒரு வருஷத்துக்கு வரும்" என்றார்.

கடை முதலாளி பொறுப்பேற்க மாட்டேன் என்றார். அதனால் என் வீட்டில் வைத்தேன். நீளத் துப்பாக்கிகளை இரண்டு வருடம் கழித்து அண்ணன் மகனிடம் கொடுத்தார். ரிவால்வரை மட்டும் திருப்பி எடுக்கவில்லை. நடுவில் டுவேன் மிரட்டத் தொடங்கியிருந்தான். "சும்மா கிடக்குறதுக்கு நீயாவது கத்துக்க" என்றார். வியாழக்கிழமைகள் அப்படித்தான் வந்தன.

ஜனவரியில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டீர்களாமே, அதையும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி தோட்டாப் பெட்டிகளை அடுக்கினேன்.

இதற்குமேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

ரோண்டா

செயின்ட் ஒடீல்
28 மார்ச் 2022

திருமதி பெஃபோர்ட்,

கடிதம் கிடைத்தது.

அந்த அலமாரியில் தூசு இருந்தது. அவ்வளவுதான்.

ஈஸ்டர் ஏப்ரல் பதினேழாம் தேதி.

ஆ. வாசிங்கர்

நெப்ராஸ்கா
2 ஏப்ரல் 2022

அன்புள்ள திருமதி வாசிங்கர்,

சரி. கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. நானே கொண்டு வருகிறேன். பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் உங்கள் வாசலில் இருப்பேன்.

அது உங்களுடையது. உங்கள் உரிமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, அன்றும் இன்றும். வாங்குகிறவர் மனதைப் படித்துப் பார்த்து விற்கும் கடை எதுவும் கிடையாது, நான் அந்தக் கவுன்டரில் பத்தொன்பது வருடம் நின்றவள். ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டுவேன் வந்து நிற்பான் என்ற பயத்தைவிட, அதை உங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வண்டியோட்டும் அந்த ஐந்து மணிநேரம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காதுமூடியைத் திருப்பி அனுப்புகிறேன். இது என்னுடையது அல்ல. போட்டுப் பார்த்தேன், என் காதுக்குப் பாதிகூட இறங்கவில்லை. என் அம்மா என்னைப் பூசணித்தலை என்று கூப்பிடுவாள். நான் குவாரியில் போட்டது கடையிலிருந்து கொண்டுபோன பெரியது.

இதை எட் வாங்கியது 2012 ஜனவரியில். விற்றது நான்தான். "இதைவிடச் சின்னது இருக்கா? அவளுக்குக் குருவித் தலை. தொப்பியே குழந்தைங்க கடையிலதான் வாங்குறா" என்றார். குடுத்தீங்களா என்று வசந்தத்தில் கேட்டேன். "இப்ப வேணாம். அவ ஒரு தடவை சிரிக்கட்டும், அப்புறம்" என்றார். அடுத்த வசந்தத்திலும் அதையேதான் சொன்னார். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். எப்போதும் வண்டியில்தான் கிடந்தது.

புதன்கிழமை சந்திப்போம்.

ரோண்டா

செயின்ட் ஒடீல்
7 ஏப்ரல் 2022, வியாழக்கிழமை

ரோண்டா,

புதன்கிழமை வராதே. புனித வாரத்தில் என் வீட்டுக்குள் அது வருவதை நான் விரும்பவில்லை. மறுநாள் பெரிய வியாழன், அன்றும் முடியாது. அதற்கடுத்த வியாழன், இருபத்தொன்றாம் தேதி வா.

காதுமூடியைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சரியாக இருக்கிறது. குளிர்பெட்டியின் இரைச்சல் நின்றது, கடிகாரம் நின்றது. இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்ததே அதைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

நான் சிரித்திருக்கிறேன். 2013இல், லியோவின் மாடு பங்குக் கோயில் தோட்டத்துக்குள் புகுந்து ஆயருக்காக நட்ட ரோஜாவைத் தின்றபோது, எட்மண்டின் பக்கத்தில் நின்று நன்றாகவே சிரித்தேன். ஆனால் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் குனிகுண்டா எங்களைப் பல் தெரியாமல் சிரிக்கப் பழக்கியிருந்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதருக்கு அது என் சிரிப்பென்று தெரியவில்லை. அவர் வண்டியில் காதுமூடியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் உள்ளே அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். இதில் யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் சொல்கிறேன்.

சென்ற கடிதத்தில் அலமாரியில் தூசு இருந்தது என்று எழுதினேன். இருந்தது உண்மை. சாவி கேட்டது அதற்காக அல்ல.

இதை நான் எந்தக் குருவிடமும் சொன்னதில்லை. உன்னிடம் எழுதுகிறேன், ஏனென்றால் நீ இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே, நான் கோழித் தீவனம் வாங்க வந்தபோதெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறாய், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அதை நான் திமிர் என்று நினைத்திருந்தேன்.

அவர் செய்தது சரி. அவர் செய்த விதம் சரியல்ல. என்னிடம் கேட்டிருக்க வேண்டும். "ஆல்வினா, கொஞ்ச நாளைக்கு இதை வெளியில் வைப்போமா" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒருவேளை கொடுத்திருக்க மாட்டேன். அது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஆகவே இப்போது யாரும் கேட்காமல் நானே சொல்கிறேன். ரிவால்வர் உன்னிடமே இருக்கட்டும். மே ஒன்பதாம் தேதிக்கும் இருக்கட்டும், அதற்குப் பிறகும் இருக்கட்டும். எனக்கு உரிமை இல்லாததால் அல்ல. உரிமை என்னுடையது என்பதால்தான் நான் கொடுக்க முடிகிறது. இதை லியோவுக்கும் ஒருநாள் விளக்குவேன். வழக்கறிஞரிடம் சொல்லி எழுத்தில் என்னென்ன வேண்டுமோ முறைப்படி செய்துவிடுகிறேன். அரைகுறையாக எதையும் செய்ய எனக்குத் தெரியாது. அதனால்தான் அவர் அன்று அப்படிப் பயந்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

எழுபத்தெட்டு வயதில் நான் அந்த நவம்பர்க்காரி அல்ல. ஆனால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ரிவால்வர் ஒரு இரவும் என் கூரைக்குக் கீழ் தங்க வேண்டாம்.

இருபத்தொன்றாம் தேதி அதைக் கொண்டு வா. பூட்டி, வண்டியிலேயே வை. நாம் குவாரிக்குப் போவோம். எனக்குக் கற்றுக்கொடு. பொழுது சாய்வதற்குள் நீ அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு. என் முழங்கையை நீ திருத்தலாம். தாளில் தேதி போடலாம். மூலையில் மட்டும் எதுவும் எழுதாதே.

மதியத்துக்கு முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்த பன் சுடுகிறேன். தெர்மாஸில் காபி நான் கொண்டு வருகிறேன். அவர் அதில் சர்க்கரை போட்டுக் குடித்தாரா? வீட்டில் என்னிடம் வேண்டாம் என்பார்.

என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தாள்களை இன்று காலையும் அளந்தேன். உன்னிடம் எட்டு வருட வியாழக்கிழமைகள் இருக்கின்றன, எனக்கு அவை வேண்டும். சுடும் நேரம் போக மீதி நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லு. நினைவில்லை என்று சொல்லாதே.

முதல் வியாழக்கிழமையிலிருந்து தொடங்கு. அன்று அவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று வருவதற்குள் யோசித்து வை. அதை நான்தான் இஸ்திரி போட்டிருப்பேன்.

ஆல்வினா